எமில் கிரிஃபித் பற்றிய குறிப்புக்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வெல்டர்வெயிட் (மிடில்வெயிட்டுக்குக் கீழான ஓர் எடைப்பிரிவு) குத்துச்சண்டை வீரர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் அதில் எமில் கிரிஃபித்துக்குப் பத்து வரிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. எதிராளியை மேடையிலேயே அடித்துக் கொன்றவர் என்று தொடங்கிய அக்குறிப்பு, அதைத் தவிர வேறொன்றும் சொல்லாமலே முடிந்துவிட்டது. அதில் ஒரு தகவல் பிழை; விடுபட்டவையோ ஏராளம். குத்துச்சண்டை வரலாற்றை நெடுங்காலமாக ஈடுபாட்டுடன் படித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிரிஃபித்திடம் அடிபட்டு நினைவிழந்த கியூப வீரர் பென்னி பாரெட் மேடையில் இறக்கவில்லை. பத்து நாள் மருத்துவமனையில் நினைவு திரும்பாமலே கிடந்து, ஏப்ரல் 3 அன்று இறந்தார். அன்றிரவே மருத்துவமனைக்கு ஓடிய கிரிஃபித், பாரெட்டைப் பார்க்க அனுமதி கேட்டு மணிக்கணக்கில் காத்திருந்தும் உள்ளே விடப்படவில்லை. கொன்றவர் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் காத்திருப்பு வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

கிரிஃபித் 1938-இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் தாமஸில் பிறந்தவர். நியூயார்க்குக்கு வந்து, பெண்களுக்கான தொப்பிகள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாமா என்று கேட்டபோது, இளமையில் குத்துச்சண்டை பழகியிருந்த முதலாளி ஹோவர்ட் ஆல்பர்ட் அந்த உடற்கட்டைக் கண்டு வியந்து, பயிற்சியாளர் கில் க்ளான்சியிடம் அழைத்துச் சென்றார். 1958-இல் தொழில்முறைக்கு வந்த கிரிஃபித், சம்பாதிக்கத் தொடங்கியதும் தாயையும் உடன்பிறந்தவர்களையும் நியூயார்க்குக்கு வரவழைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். தொப்பி வடிவமைப்பில் அவருக்கிருந்த கைத்திறனை அக்காலப் பத்திரிகைகள் வேடிக்கையாகவே எழுதின. நான் அதை அவருடைய முதல் தொழிலாகவே மதிக்கிறேன்.

1961 ஏப்ரல் 1 அன்று மியாமி பீச்சில் பாரெட்டை 13-ஆம் சுற்றில் வீழ்த்தி, முதன்முறையாக உலக வெல்டர்வெயிட் பட்டத்தை வென்றார். செப்டம்பர் 30-இல் புள்ளிக் கணக்கில் பாரெட்டிடமே அதை இழந்தார். மூன்றாவது போட்டிதான் அந்த மார்ச் மாதப் போட்டி. அன்று எடை பார்க்கும் நேரத்தில் பாரெட் அவரைச் சீண்டி, ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் ஸ்பானியச் சொல்லால் ஏளனம் செய்தார். அப்போது பெரும்பாலான அமெரிக்க நாளிதழ்கள் இதைக் கண்டும் காணாததுபோல் கடந்தன, அல்லது இடக்கரடக்கலாக ஏதோ ஒரு சொல்லைப் போட்டு மூடின. தங்கள் குறிப்பும் "சொல்லத் தகாத வசை" என்றே எழுதியிருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் திரை எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை. நியூயார்க் உட்பட அமெரிக்காவின் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஒருபால் உறவு அன்று குற்றம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-இல்தான். பலர் முன்னிலையில் எறியப்பட்ட அந்தச் சொல் கிரிஃபித்தின் தொழிலையும் வாழ்வையும் ஒருசேரக் குலைத்துவிடக் கூடியதாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் வாசகருக்கு அந்த நாள் விளங்கும்.

ஆயினும் அந்த வசையே பாரெட்டின் உயிரைக் குடித்தது என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆத்திரத்தில் அடித்தே கொன்றார் என்பது கேட்பதற்கு விறுவிறுப்பான கதை. ஆனால் யாரையும் கொல்ல நினைத்ததில்லை என்று கிரிஃபித் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறு காரணங்கள் கண்ணில் படுகின்றன. 1961 ஏப்ரலில் பாரெட்டுக்கு நாக்அவுட், அதாவது ஆட்டத்தைத் தொடர முடியாதபடி வீழ்ந்து தோல்வி. செப்டம்பரில் 15 சுற்றுகள். டிசம்பர் 9-இல், தன்னைவிட எடைப்பிரிவில் மேலான மிடில்வெயிட் சாம்பியன் ஜீன் ஃபுல்மரிடம் கடுமையாக அடிபட்டு 10-ஆம் சுற்றில் மீண்டும் நாக்அவுட். அதிலிருந்து 105-ஆம் நாளில் மறுபடி கிரிஃபித். ஓராண்டு நிறைவதற்குள் நான்கு பட்டப் போட்டிகளுக்கு ஒரே மனிதரை மேடையேற்றிய மேலாளர்களையும், அதற்கு அனுமதி வழங்கியவர்களையும் விட்டுவிட்டு, எதிரே நின்று தன் வேலையைச் செய்தவர் தலையில் பழியைச் சுமத்துவது எவ்வகையில் நியாயம்?

போட்டியின் போக்கையும் பார்க்க வேண்டும். 6-ஆம் சுற்றில் வீழ்ந்தவர் கிரிஃபித். மணி ஒலித்ததால்தான் அவர் தப்பினார். 12-ஆம் சுற்றில் பாரெட் மூலையில் சிக்கிக்கொண்டபோது இருபதுக்கும் மேற்பட்ட குத்துகள் இடைவிடாமல் விழுந்தன. எதிராளி தளர்ந்தால் அவர் உன்னைப் பற்றிக்கொள்ளும் வரையில், அல்லது நடுவர் விலக்கும் வரையில் நிறுத்தாதே என்று க்ளான்சி அறிவுறுத்தியிருந்தார். எந்தப் பயிற்சியாளரும் சொல்லக்கூடியதுதான் அது. நிறுத்த வேண்டியவர் நடுவர். அனுபவம் மிக்க ரூபி கோல்ட்ஸ்டைன் அன்று தாமதித்துவிட்டார். தளர்ந்ததுபோல் நின்று திடீரென எழுந்து அடிப்பது பாரெட்டின் வழக்கம் என்று அவருக்காகச் சிலர் வாதிட்டார்கள். விசாரணையில் அவர் மீது குற்றமில்லை என்றே முடிவாயிற்று. ஏபிசி தொலைக்காட்சி இத்தனையையும் நேரலையாக நாடெங்கும் காட்டியது. அதன் வாராந்திரக் குத்துச்சண்டை ஒளிபரப்பு 1964-இல் நின்றுபோனது.

இதற்குப் பிந்தைய 15 ஆண்டுகளைத் தங்கள் குறிப்பு தொடவே இல்லை. 1963 மார்ச்சில் லூயிஸ் ரோட்ரிகஸிடம் பட்டத்தை இழந்து, ஜூனில் அவரிடமிருந்தே மீட்டு, மூன்றாம் முறை வெல்டர்வெயிட் சாம்பியன் ஆனார். 1966-இல் நைஜீரியாவின் டிக் டைகரை வென்று மிடில்வெயிட் பட்டத்தையும் பெற்றார். இத்தாலியின் நினோ பென்வெனுட்டியுடன் 1967-லும் 1968-லும் மோதிய மூன்று போட்டிகளில் அந்தப் பட்டத்தை இழந்து, மீட்டு, மீண்டும் இழந்தார். 35 வயதில், 1973-இல், அப்போதைய மிடில்வெயிட் சாம்பியன் கார்லோஸ் மொன்ஸோனுடன் 15 சுற்றுகளும் நின்று புள்ளிக் கணக்கில்தான் தோற்றார். 1977-இல் ஆலன் மின்டரிடம் தோற்று ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 85 வெற்றிகளும் 24 தோல்விகளும் 2 சமன்களும் இருந்தன.

அந்த 85 வெற்றிகளில் நாக்அவுட் 23 மட்டுமே. பாரெட்டின் மரணத்துக்குப் பிறகு ஆடிய ஏறத்தாழ 80 போட்டிகளிலோ, நாக்அவுட்டில் வென்றவை பன்னிரண்டளவில்தான். எதிராளியைக் காயப்படுத்த அஞ்சிக் கையை அடக்கிக்கொண்டே ஆடியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். பாரெட்டைக் கனவில் கண்டு பல ஆண்டுகள் தூக்கம் கெட்டதையும் அவர் மறைக்கவில்லை. அந்த மனச்சுமையோடு ஒருவர் இரு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டங்களை வென்றதைத்தான் நான் அவருடைய ஆட்டத்தின் உச்சமாகக் கருதுகிறேன்.

ஓய்வுக்குப் பின் நியூ ஜெர்சியில் சிறார் சீர்திருத்த நிலையத்தில் காவலராகப் பணியாற்றினார். அங்கே அறிமுகமான ஓர் இளைஞரை மகனாகத் தத்தெடுத்தார். அந்த மகனே கடைசி வரை அவரைப் பராமரித்தவர். 1992-இல், ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடும் மதுக்கூடம் ஒன்றிலிருந்து வெளியே வந்தபோது தாக்கப்பட்டு, சிறுநீரகம் பழுதுபட்டுச் சாவின் விளிம்புக்குப் போய் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். ஆண், பெண் இருபாலரிடமும் தனக்கு ஈடுபாடு உண்டு என்று அவரால் வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது முதுமையில்தான். 2005-இல் வெளியான ஆவணப்படத்தில் பாரெட்டின் மகனை அவர் சந்திக்கும் காட்சி உண்டு. தந்தை இறந்தபோது சிறு குழந்தையாக இருந்த அந்த மகன் அவரைத் தழுவிக்கொள்கிறார். தலையில் வாங்கிய அடிகளின் விளைவான மறதிநோயால் 2013 ஜூலை 23 அன்று கிரிஃபித் காலமானார்.

இவை அனைத்தையும் பத்து வரிகளுக்குள் அடக்க முடியாது என்பதை அறிவேன். இறந்த இடம் பற்றிய பிழையைத் திருத்தி வெளியிடும்போது, 85 வெற்றிகளில் 23 மட்டுமே நாக்அவுட் என்ற கணக்கையும் அதனருகே ஒரு வரியில் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி