மூன்று பாகத்தில் நில், பாப்பா

தூத்துக்குடி,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பா,

பார்சலில் சீலாக் கருவாடும், அம்மா இடித்த மாசிப்பொடியும், ஒரு சின்னக் கத்தியும் இருக்கின்றன. கத்தியைப் பார்த்துச் சிரிக்காதே. கடலுக்கடியில் அறுந்து கிடக்கிற வலை கண்ணுக்குத் தெரியாது. சிக்கினால் இழுக்காதே, உருளாதே, நின்று வெட்டு. துரு ஏறாமல் தேங்காய் எண்ணெய் தடவி வை.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பெரிய மாமா உன்னைக் கேட்டார். போனில் நீ இப்போதெல்லாம் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மார்ச்சில் லட்சத்தீவு போகிறாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ விட்டுப்போன டைவிங் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். அவன் தமிழில் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். நாங்கள் பத்துப் பாகம் என்போமே, அதுதான் உங்கள் 18 மீட்டர். டைவிங் பழகி முதல் கார்டு வாங்கியவர்கள் அதற்குக் கீழே போகக் கூடாதாம். அந்த ஆழத்தில் கம்ப்ரசர் டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு நாலு மணி நேரம் சங்கு பொறுக்கியவர்கள் நாங்கள். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும், அவசரமாக ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைக்கும் என்று யார் சொன்னார்கள்? 1908-லேயே ஹால்டேன் என்று ஒருவர் ஆடுகளை வைத்துச் சோதித்து, நின்று நின்று ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டார் என்று பையன் செல்போனில் பார்த்துச் சொன்னான். எங்கள் வள்ளத்துக்கு அந்தக் கணக்கு வந்து சேரவேயில்லை.

உன் கார்டைப் பற்றி டீக்கடையில் நான் சொல்லாத ஆள் இல்லை. பெண்பிள்ளை வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது என்ற ஊர் இது. அப்படிச் சொன்னவர்களில் நானும் உண்டு, உனக்கே தெரியும்.

ஆனால் கார்டு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நான் சில கேள்வி கேட்கிறேன், மனசுக்குள் பதில் சொல். உன்னோடு இறங்குகிற ஆள், நீ 'பட்டி' என்பாயே (எனக்கு ஆட்டுப்பட்டிதான் ஞாபகம் வருகிறது), அவருக்குக் காற்று தீர்ந்தால் உன் இரண்டாவது குழாய் எங்கே தொங்குகிறது என்று தெரியுமா? எடை பெல்ட்டின் கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவாயா? கடலில் செத்தவர்கள் பலர் இடுப்பில் ஈயத்தோடுதான் கிடைக்கிறார்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டாயா, கேட்க வெட்கமா? இருக்கிறது என்றால் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்தாயா? உடம்பில் நுரைத்தவர்களை உள்ளே வைத்து வைத்தியம் பார்க்கிற அழுத்த அறை எந்த ஊரில்? தீவிலிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம்? ராத்திரி போட் இல்லையென்றால்?

காற்று மீட்டர் 50-ஐக் காட்டும்போது நீ மேலே இருக்க வேண்டும். மூச்சை அடக்காதே. உன் குமிழியை முந்திக்கொண்டு ஏறாதே. மூன்று பாகத்தில் மூன்று நிமிடம் நில். போனில் சொன்னதுதான், திரும்பவும் சொல்கிறேன், மூன்று பாகத்தில் நில்.

அந்தமான் போட்டோக்களை மறுபடியும் பார்த்தேன். ஆமையோடு நீ இருக்கிற படம் நன்றாக இருக்கிறது. கடைசிப் படம் சிடியா தாப்புவில் தண்ணீரிலிருந்து படகேறும்போது எடுத்தது, மணி 3.10 என்று பையன் காட்டினான். மறுநாள் விமானம் காலை 7.05. டிக்கெட்டை நீதான் குடும்ப குரூப்பில் போட்டிருந்தாய். விரல்விட்டு எண்ணினேன், 16 வருகிறது. பல முறை இறங்கியவர்கள் 18 மணி நேரமாவது பறக்கக் கூடாது என்ற இடத்தில் நீயே மஞ்சள் மையால் கோடு போட்டிருக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கூட்டல் தப்பாக வரும்.

கிறிஸ்துமஸ் அன்று பிரியாணிச் சட்டியை வலது கையால் மட்டும் தூக்கினாய். அப்புறம் அடுப்படியில் இடது தோளைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாய். அம்மா கேட்டதற்கு, பஸ்ஸில் கோணலாகத் தூங்கினேன் என்றாய். சரி, அப்படியே இருக்கட்டும். அழுத்தினால் வலி கொஞ்சம் அடங்கும், அது எனக்குத் தெரியும்.

பெரிய மாமா வாயைத் திறந்து சொல்லாததால்தான் கால் போச்சு என்று நீ சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாய். ஆச்சி சாகும்வரை அதைத்தான் சொன்னாள். அது பொய், பாப்பா. அவர் சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

1994-ல், சீசன் முடிய நாலு நாள் இருந்தது. சாயங்காலம் வள்ளத்தில் ஏறியதும் வயிறெல்லாம் அரிக்கிறது என்று சொரிந்தார். முட்டியில் வலி என்றார். குளிர்காற்று என்றேன். ராத்திரி என்னைத் தட்டி எழுப்பி, "மூத்திரம் போக மாட்டேங்குது மாப்பிள" என்றார். அது என்ன அடையாளம் என்று எனக்குத் தெரியும். முந்தின வருடம் இன்னொருவருக்குப் பார்த்திருந்தேன். வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம்தான் மனசில் நின்றது. காலையில் பார்ப்போம் என்றேன். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. திரும்பத் தண்ணீருக்குள் போனால் சரியாகிவிடும் என்று இறக்கிவிட்டேன். மேலே இழுத்தபோது இரண்டு காலும் ஈரத்துணி மாதிரி தொங்கின.

ஆஸ்பத்திரி வாசலில் ஆச்சி கேட்டாள். அவர் மறைத்துவிட்டார் என்றேன். மாமா பக்கத்தில்தான் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். என்னைப் பார்த்தார். இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு வெற்றிலை மடித்துத் தருகிறார்.

டாக்டரிடம் போ. வெறுமனே தோள் வலி என்று சொல்லாதே. கடலில் இறங்கினேன், இத்தனை மணிக்கு ஏறினேன், இத்தனை மணிக்குப் பறந்தேன் என்று சொல். நீ சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தோன்றாது. இத்தனை நாள் ஆகிவிட்டதே என்று கூச்சப்படாதே. லட்சத்தீவுக்கு முன்னால் போ.

இந்தக் காகிதம் கைக்கு வந்ததும் இடது கையைத் தலைக்கு மேலே முழுசாகத் தூக்கிப் பார். அப்புறம் எனக்குப் போன் பண்ணு. அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே.

அப்பா

மாசிப்பொடி டப்பாவின் மூடி லூசாக இருக்கிறது. பார்த்துத் திற.