மாதம் ஒருமுறை சாவி வாங்கும் குடும்பங்களுக்கு

இந்த நியூ ஜெர்சி எபிஸ்கோப்பல் கோயிலில் மூன்றாம் ஞாயிறு தமிழ் ஆராதனைக்கு வரும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும், தோத்திரம்.

போன மாதம் நம் ஐக்கிய விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஹாலின் பின்பக்க சிங்க் அடைத்துக்கொண்டது. சாம்பார், சோறு, கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்து. மறுநாள் காலை அதைக் குத்தி எடுத்தவர் இந்தப் பாரிஷின் ஜூனியர் வார்டன். எழுபது வயது தாண்டியவர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு, சம்பளம் கிடையாது. தற்செயலாகச் சாவியைக் கொடுக்கப் போன நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உங்கள் ஆட்கள் எப்போதாவது காலை ஆராதனைக்கு வருவார்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஆறு வருஷமாக மாதத்தில் ஒரு சாயங்காலம் இந்தக் கோயிலின் சாவியை வாங்கித் திறக்கிறோம், பாடுகிறோம், சாப்பிடுகிறோம், பூட்டிவிட்டுப் போகிறோம். அதே நாள் காலை பத்து மணிக்கு அதே பெஞ்சுகளில் நாற்பது பேர் உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களில் மூன்று பேர் பெயராவது நமக்குத் தெரியுமா? "அது வெள்ளைக்காரன் சபை, நமக்கு இடம் கொடுத்திருக்கிறான்" என்கிறோம். இந்த எண்ணமே தப்பு என்பது என் கட்சி.

எபிஸ்கோப்பல் சபை, இங்கிலாந்துச் சபையிலிருந்து கிளைத்த ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சி.எஸ்.ஐ.யும், அதாவது தென்னிந்தியத் திருச்சபையும், அந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் முழு ஐக்கியம் உண்டு. மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டியதில்லை. ஊர்ச் சபையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும்.

இது காகிதத்து உறவு மட்டும் இல்லை. நம் பாட்டிமார் "நாங்க எஸ்.பி.ஜி., அவங்க சி.எம்.எஸ்." என்று சாதி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? இரண்டும் இங்கிலாந்திலிருந்து மிஷனரிகளை அனுப்பிய சங்கங்கள். அந்த எஸ்.பி.ஜி. 1701இல் தொடங்கப்பட்டதே முதன்மையாக அமெரிக்கக் காலனிகளை மனதில் வைத்துத்தான். நம் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் 1703இல் செயின்ட் மேரீஸ் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய ஜான் டால்பட் ஒரு எஸ்.பி.ஜி. மிஷனரி. அப்புறம் அமெரிக்கர்கள் இங்கிலாந்து ராஜாவோடு சண்டை போட்டுப் பிரிந்தார்கள். இங்கிலாந்தில் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாமல் பேராயராக முடியாது என்பதால் இவர்களுடைய முதல் பேராயர் சாமுவேல் சீபரி 1784இல் ஸ்காட்லாந்து போய் அபிஷேகம் பெற்று வந்தார். எஸ்.பி.ஜி.யின் கவனம் வேறு நாடுகளுக்குத் திரும்பியது. கால்டுவெல் ஐயர் 1841இல் இடையன்குடிக்கு வந்தது அதே சங்கத்தின் மிஷனரியாகத்தான். அந்த வகையில் இந்த ஊர்க் கோயில் நமக்கு மூத்த அக்கா வீடு மாதிரி.

கடன் ஒரு பக்கம் மட்டும் இல்லை. காலை ஆராதனை நடுவில் எல்லோரும் எழுந்து ஒருவருக்கொருவர் "சமாதானம்" சொல்லிக் கைகொடுப்பார்கள். இவர்களுடைய பழைய 1928 ஜெப புத்தகத்தில் அந்த வழக்கம் இல்லை, 1979 புத்தகத்தில்தான் வந்தது. சபையார் கைமாற்றிச் சமாதானம் கொடுக்கும் முறையை இக்காலத்தில் மறுபடி வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததில் 1950இல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து முறைமைக்குப் பெரிய பங்கு உண்டு என்று வழிபாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். கேரளத்துச் சுரியானி வழக்கத்திலிருந்து நாம் எடுத்தது, கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடிக்கும் நம் முறையை ஒருநாள் பக்கத்து பெஞ்சு அம்மாவுக்குச் செய்து காட்டினேன். இப்போது வாரா வாரம் அப்படித்தான் பிடிக்கிறார், விடுவதில்லை.

சரி, பரிசுத்த வாரத்துக்கு வருகிறேன். மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு, காலை பத்து மணி. வெளியே பார்க்கிங்கில் கூடி ஓலையோடு உள்ளே போவோம். பாடுகளின் சுவிசேஷத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்பார்கள். "சிலுவையில் அறையும்" என்று கத்துவது சபையார் பங்கு, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஏப்ரல் 3 பெரிய வெள்ளி, பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை கோயிலை நமக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றைத் தமிழில் தியானிக்கலாம் என்று இந்தக் கோயிலின் போதகரான ரெக்டர் அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். மும்மணி ஆராதனை நம் ரத்தத்தில் ஊறியது, அதற்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

நான் அழுத்திக் கேட்பது ஏப்ரல் 4 சனிக்கிழமை ராத்திரிக்கு. ஊரில் நமக்கு ஈஸ்டர் என்றால் விடியற்காலை நாலு மணி ஆராதனைதான். இவர்கள் முந்தின இரவே தொடங்கிவிடுகிறார்கள். வாசலில் புதிதாக நெருப்பு மூட்டி, அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி, விளக்கில்லாத கோயிலுக்குள் கொண்டுபோவார்கள். நம் கையிலுள்ள சின்ன மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாகப் பற்றும். அந்த வெளிச்சத்தில் சிருஷ்டிப்பு, ஜலப்பிரளயம், செங்கடல் என்று பழைய ஏற்பாட்டுப் பாடங்கள் வரிசையாக வாசிக்கப்படும். பிறகு ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பித்து, லெந்து நோன்புக்காலம் முழுக்க ஒதுக்கி வைத்திருந்த அல்லேலூயாவைச் சொல்லும்போது எல்லா விளக்கும் எரியும், வீட்டிலிருந்து கொண்டுவந்த மணிகளை ஆட்டுவார்கள். முதல் தடவை என் பையன் ஸ்டீல் டம்ளரையும் கரண்டியையும் எடுத்துவந்து தட்டினான். யாரும் முறைக்கவில்லை. இந்த வருஷம் செங்கடல் பாடத்தைத் தமிழில் வாசிக்க ஆள் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நம் பழைய மொழிபெயர்ப்பை நல்ல உச்சரிப்போடு வாசிக்கிறவர் வேண்டும்.

உங்களில் சிலருக்கு வேறு தயக்கம் உண்டு என்பது தெரியும். இந்தச் சபை 2015இல் ஒருபால் திருமணத்துக்கு வழிவிட்டது. அதைப் பற்றி நம் வீடுகளுக்குள்ளேயே அப்பாவும் மகளும் ஒத்துப்போவதில்லை. நான் யாரையும் மாற்ற வரவில்லை. ஆனால் ஊர்ச் சபையில் நமக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்றுமே இல்லாததுபோல் பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அங்கேயும் திட்டிக்கொண்டேதான் போனோம், சந்தாவும் கட்டினோம்.

இன்னொன்று, வெஸ்ட்ரி என்னும் கோயில் நிர்வாகக் குழு. நம் சேகரக் கமிட்டி மாதிரிதான். வித்தியாசம், போதகரை, நம் பேச்சில் ஐயரை, மேலிடம் மாற்றி அனுப்புவதில்லை, ரெக்டரை இவர்களே தேடித் தெரிவு செய்கிறார்கள். அணி கட்டி, பந்தி வைத்து நடக்கும் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கே நடப்பது நம்பக் கஷ்டம்: நில்லுங்கள் என்று ஆளைக் கெஞ்சித் தேடுகிறார்கள்! ஜனவரி ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு இடம் காலியாகவே போனது. கூரையைப் பற்றியும் ஹீட்டிங் செலவைப் பற்றியும் முடிவெடுக்கும் மேசையில் நம்மில் ஒருவர்கூட இல்லை. அந்தக் கூரைக்குக் கீழேதான் நாமும் பாடுகிறோம். அடுத்த ஜனவரிக்குள் இரண்டு பேராவது முறைப்படி அங்கத்தினராகி நிற்க வேண்டும் என்பது என் ஆசை. யார் என்று இப்போதே எனக்கு மனதில் இருக்கிறது, வீட்டுக்கு வந்து கேட்பேன்.

பெரிய வியாழனை வேண்டுமென்றேதான் தாண்டி வந்தேன். ஏப்ரல் 2, இரவு ஏழு மணி. பாதம் கழுவும் ஆராதனைக்குப் பன்னிரண்டு பேர் பெயர் எழுதச் சொல்லி நார்த்தெக்ஸில், அதாவது கோயில் முன்கூடத்தில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஏழு பெயர் விழுந்திருக்கிறது, ஏழாவது என்னுடையது. ஆறாவது அந்த ஜூனியர் வார்டன். முட்டி வலி இருப்பதால் அவரால் குனிந்து கழுவ முடியாது, கால் நீட்டி உட்கார மட்டும் சம்மதித்திருக்கிறார். அவர் காலைக் கழுவ யாராவது முன்வந்தால் நல்லது. பேனா அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்குகிறது.

இப்படிக்கு,
சாவி வைத்திருக்கும் உங்கள் சகோதரி