ஆற்றோரம் ஒரு கூரையில்லாத மடாலயம்

ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க பிரான்சின் ரூவான் போயிருந்தபோது, 61 வயதில் மறுபடி சைக்கிள் மிதித்தேன். சேன் ஆற்றை ஒட்டிய பாதையில் ஜூமியேஜ் என்றொரு ஊர். அங்கே 654-இல் தொடங்கிய மடாலயம். 841-இல் வடக்கிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங் கொள்ளையர்கள் கொளுத்தினார்கள். திரும்பக் கட்டிய தேவாலயத்தின் 1067 அர்ச்சிப்புக்கு, அதாவது புனிதப்படுத்தும் சடங்குக்கு, இங்கிலாந்தை வென்ற வில்லியமே வந்திருக்கிறார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வாங்கியவர்கள் அதைக் கல் குவாரியாக்கிவிட்டார்கள், பாவிகள்!

46 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. கூரை கிடையாது, துறவிகள் நடந்த தரையில் புல். வெள்ளைச் சுவரைத் தடவினேன், விரலில் கோலமாவு மாதிரி ஒட்டியது. புளியோதரைப் பொட்டலத்தை வெளியே மரத்தடியில்தான் பிரித்தோம்.

ஆற்றைக் கடக்கும் படகில் ஆளுக்கும் சைக்கிளுக்கும் காசே இல்லை. சும்மாதானே என்று இரண்டு தடவை போய் வந்தேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்கரையோரம், ரங்கநாதர் கோயிலையும் கோட்டையையும் தொட்டுக்கொண்டு லாரி வராத சைக்கிள் பாதை ஒன்று போடக்கூடாதா? மைசூரு சாலையில் மிதிக்க வீட்டில் விடமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
அல்சூர், பெங்களூரு