வெட்சிப் பாத்திக்கு 75 மூட்டைக் கல்: நன்கொடை வேண்டுகோள்

புளோக் குடியிருப்பாளர்களுக்கு வணக்கம்.

நம் சமூகத் தோட்டத்து வெட்சிப் பாத்தியிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து நடைபாதையில் படிகிறது. முதியவர்கள் வழுக்கி விழும் முன் அங்கே கல் பரப்ப வேண்டும். நகர மன்றம் இசைவு தந்துவிட்டது. தேவை 930 சிங்கப்பூர் வெள்ளி.

பாத்தி 12 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். 5 சென்டிமீட்டர் கனத்துக்கு 0.9 கன மீட்டர் கல் பிடிக்கும். உடைத்த கருங்கல் கன மீட்டருக்குச் சுமார் 1.5 டன், ஆக 1.35 டன். மேடுபள்ளத்துக்கும் சேதாரத்துக்கும் பத்து விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 1.5 டன், அதாவது 20 கிலோ மூட்டை 75. மூட்டை 8 வெள்ளி வீதம் 600, கல்லுக்கு அடியில் விரிக்கும், நீர் வடியவிடும் ஜியோடெக்ஸ்டைல் துணிக்கும் ஓரத்தடுப்புக்கும் 250, லாரிக்கு 80.

கனத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தலாமே என்றார்கள் சிலர். 20 மில்லிமீட்டர் கல்லை 3 சென்டிமீட்டருக்குப் பரப்பினால் இடையிடையே துணி தெரியும், வெயிலில் நைந்து கிழியும், கிழிந்த இடத்தில் கல் களிமண்ணில் புதையும். மறுபடி வாங்க வேண்டியதுதான்.

பலர் விரும்பியது வெள்ளைச் சலவைக்கல். கடையில் பளிச்சென்று இருக்கும்; நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். அதைவிட மோசம், சலவைக்கல் சுண்ணாம்புச் சத்து. அது மெல்லக் கரைந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். வெட்சிக்கோ புளிப்பு (அமில) மண்தான் ஆகும். கார மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். உருண்டைக் கூழாங்கல்லும் வேண்டாம், ஒன்றோடொன்று பிடிக்காமல் பாதைக்கு உருண்டு வரும். கூர்முனையுள்ள சாம்பல்நிறக் கருங்கல்லே நம் தேர்வு.

மண்ணை 7 சென்டிமீட்டர் தோண்டிக் கல்லின் மேல்மட்டம் பாதைக்கு 2 சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி போடுவோம். பிளாஸ்டிக் தாள் விரிக்கமாட்டோம். அதில் நீர் தேங்கினால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். துணி விளிம்புகள் 15 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியும். தண்டைச் சுற்றி ஒரு சாண் கல்லில்லாமல் விடுவோம், அடித்தண்டு அழுகாமலிருக்க.

ஒரு மூட்டையோ பல மூட்டையோ, இயன்றதைக் குழுப் பொருளாளரிடம் ரொக்கமாகவோ பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்று) மூலமோ தரலாம். ரசீது கொடுப்போம். பணம் தர இயலாதவர்கள் மூட்டை தூக்க வாருங்கள். லாரி வாசலோடு நின்றுவிடும்.

தோட்டக் குழு