குரூஸ் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்: எத்தன படி, எவ்வளவு நேரம்னு எழுதுங்க

மெடிட்டரேனியன்ல கப்பல் ஓட்டுற கம்பெனிகள்ல ஷோர் எக்ஸ்கர்ஷன் (கப்பல் நிக்கற ஊர்ல பயணிகள இறக்கி சுத்திக் காட்டுற டூர்) பாத்துக்கறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன செப்டம்பர்ல நானும் அம்மாவும் ஏழு ராத்திரி குரூஸ் போனோம், இத்தாலி துறைமுகமான சிவிடவெக்கியால ஏறி சான்டோரினி (கிரீஸ் தீவு), குசடாசி (துருக்கி), மிக்கோனோஸ் (இன்னொரு கிரீஸ் தீவு), நேப்பிள்ஸ் (இத்தாலி)னு சுத்திட்டு திரும்ப அங்கயே வந்து இறங்குற ரூட். எந்த கம்பெனின்னு சொல்லல. ஊருக்கு வந்தப்புறம் மத்த கம்பெனிங்க டூர் பக்கத்தயும் உக்காந்து படிச்சுப் பாத்தேன், பெருசா வித்தியாசம் தெரியல, அதனால இது உங்க எல்லாருக்கும்தான்.

அம்மாவுக்கு 68 வயசு. வலது முட்டி தேஞ்சிருக்கு. சமதரையில ஒரு மணி நேரம் நடந்துருவாங்க, படி ஏறுறது கஷ்டம், இறங்குறது அதவிட கஷ்டம். அதனால புக் பண்ணும்போதே ஒவ்வொரு டூரயும் வரிவரியா படிச்சேன், நடக்குற ஆள் பொம்மை ஒண்ணு போட்டு பக்கத்துல "மிதமான நடை"ன்னு இருந்துச்சு. குசடாசில இருந்து போற பழங்கால நகரம் எபேசஸுக்கும் அதே பொம்மை, நேப்பிள்ஸ்ல இருந்து போற, எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பொம்பெய்க்கும் அதே பொம்மை, சான்டோரினிக்கும் அதே பொம்மைதான்.

அம்மா 31 வருஷம் ஒரு ஸ்கூல் லைப்ரரில வேலை பாத்தவங்க. இந்தக் குரூஸ எடுத்ததே எபேசஸ்ல இருக்கற செல்சஸ் லைப்ரரியக் காட்டத்தான். ஆயிரத்து தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அப்பா பேருக்கு மகன் கட்டுனது, அப்பாவோட சமாதியும் அதுக்கு அடியிலயே இருக்கு, உள்ள 12,000 சுருள் வரைக்கும் இருந்திருக்கும்னு சொல்றாங்க, இதெல்லாம் அம்மா கிளம்புறதுக்கு முன்னாடியே படிச்சு வச்சிருந்தாங்க.

பஸ் மேல் வாசல்ல இறக்கிவிட்டுட்டு கீழ் வாசல்ல போய் நின்னுக்குது. நடுவுல குரேட்டஸ் தெரு, முழுக்க சரிவு, முழுக்க பளிங்குக் கல்லு, எத்தனையோ நூறு வருஷமா கால் பட்டுப் பட்டு எண்ணெய் தடவுன மாதிரி வழுக்குது, புடிச்சுக்க ஒரு கம்பி கிடையாது. அம்மா என் தோள இறுக்கிப் புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல திரும்பி ஒவ்வொரு காலா வச்சு இறங்குனாங்க, எங்க குரூப்போட நம்பர் அட்டை முன்னாடி போய்க்கிட்டே இருந்துச்சு. லைப்ரரி முன்னாடி போய்ச் சேந்தப்ப கைடு கிளம்பலாம்னு கைய தூக்கிட்டார். எட்டு நிமிஷம் கிடைச்சுது. அம்மா அந்தத் தூணுங்கள அண்ணாந்து பாத்துட்டு, அங்க கிடந்த ஒரு கல்லுல உக்காந்து முட்டியத் தேச்சுக்கிட்டு இருந்தாங்க, பக்கத்துல ஒரு பூனை வந்து ஒட்டிப் படுத்துச்சு, அதோட போட்டோதான் எங்ககிட்ட இருக்கு.

அப்புறம் எங்கள ஒரு கம்பளக் கடைக்கு கூட்டிட்டுப் போனாங்க, அங்க 50 நிமிஷம். பட்டுக்கூட்ட வெந்நீர்ல போட்டு நூல் இழுத்துக் காட்டுனது நல்லாத்தான் இருந்துச்சு, ஆப்பிள் டீ குடுத்தாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பளமா விரிச்சு விரிச்சு விலை சொல்ல ஆரம்பிச்சாங்க. அந்தக் கடைக்கும் உங்களுக்கும் என்ன ஏற்பாடுன்னு நான் கேக்கல. லைப்ரரிக்கு எட்டு, கடைக்கு அம்பதுன்னு காசு கட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நாங்க வேற டூர் எடுத்திருப்போம்ல.

சான்டோரினியில காலைல அதினியோஸ் துறைமுகத்துல இறக்கி பஸ்ல ஓயாவுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அது நல்லா இருந்துச்சு. முடிஞ்சதும் மலை மேல இருக்கற ஃபிரா ஊர்ல, கப்பலுக்குத் திரும்ப கீழ இறங்கறதுக்கு கேபிள் கார் டிக்கெட்ட கையில குடுத்துட்டு கைடு கிளம்பிட்டார். கேபிள் கார்ல கீழ போறது மூணே நிமிஷம், அதுக்கு அம்மா வெயில்ல ஒன்றரை மணி நேரம் கியூவுல நின்னாங்க, அத விட்டா 580க்கு மேல படி, இல்லன்னா கழுதை. 2025 ஜூலையில இருந்து அந்தத் தீவுல சீசன்ல இறங்குற ஒவ்வொரு குரூஸ் பயணிக்கும் 20 யூரோ வரி. ஒரு நாளைக்கு 8,000 பயணிதான்னு அங்க வரம்பும் இருக்கு. அன்னைக்கு எத்தன கப்பல் வருதுன்னு உங்களுக்கு பல மாசம் முன்னாடியே தெரியும், அப்ப கியூ எவ்வளவு நேரம் ஆகும்னும் தெரியும், அத ஒரு வரி எழுதக்கூடாதா?

பொம்பெய் விஷயத்துலதான் எனக்கு உண்மையாவே மனசு ஆறல. அங்க ஆம்ஃபிதியேட்டர் (பழங்கால அரங்கம்) பக்கத்து வாசல்ல இருந்து வீல்சேரே போற மாதிரி மூணு கிலோமீட்டருக்கு மேல வழி போட்டு வச்சிருக்காங்க. உங்க பஸ் எங்கள இறக்கினது போர்ட்டா மரினா வாசல்ல, உள்ள நுழையறதே செங்குத்தான ஏத்தம், அதுக்கு மேல பெரிய பெரிய கருங்கல் பாவுன தெரு. அம்மா பாதி ஏத்தத்துலயே "நீ போய் பாத்துட்டு வாப்பா"ன்னுட்டாங்க. நான் போகல. அப்படி ஒரு வழி இருக்குங்கறதே வீட்டுக்கு வந்து தேடுனப்பதான் தெரிஞ்சுது.

தனியா போயிருக்கலாமேன்னு கேப்பீங்க, நேப்பிள்ஸ்ல இருந்து பொம்பெய்க்கு முக்கால் மணி நேரத்துக்குள்ள ரயில்லயே போயிரலாம்தான். ஆனா உங்க டூர் லேட்டானா கப்பல் காத்திருக்கும், நாங்களா போய் லேட்டானா காத்திருக்காது, வயசானவங்கள கூட்டிட்டு வர்றவங்க அந்த ஒரு பயத்துலதான் உங்ககிட்டயே வாங்குறோம். அந்த நம்பிக்கைக்கு விலையும் குடுக்கறோம்.

சிவிடவெக்கியா துறைமுகத்துக்கு "ரோம்"னும் லிவோர்னோ துறைமுகத்துக்கு "புளோரன்ஸ்"னும் தூரத்து ஊர் பேர போடறத மாத்த மாட்டீங்கன்னா போகட்டும், பஸ்ல எவ்வளவு நேரம்னு பக்கத்துலயே போடுங்க. அந்த பொம்மைய எடுத்துட்டு எந்த வாசல், ஏத்தமா இறக்கமா, எத்தன படி, உக்கார இடம் எங்க, கடையில எவ்வளவு நேரம்னு எழுதுங்க. உங்க கைடுங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம், ஒரு மத்தியானம் அவங்கள உக்கார வச்சு கேட்டா முடிஞ்சுது.

எங்க மாமாவும் அத்தையும் வர்ற மே மாசம் இதே ரூட்ல போறாங்க. அத்தைக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆகியிருக்கு. டூர் இன்னும் புக் பண்ணல, எது எடுக்கலாம்னு என்னத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க.