பாகாவுக்குக் குழந்தைகளோடு போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவா என்றாலே குடியும் கூத்தும்தான், குடும்பத்தோடு போகிற ஊரா அது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாதி சரி. அவர் பார்த்தது வடக்கு கோவாவின் பாகா கடற்கரையாக இருக்கும்.

போன டிசம்பரில் ஏழு வயது மகள், மாமியார் எல்லோருமாக நாங்களும் அங்கேதான் அறை எடுத்தோம். பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை, ஓலைக்கூரைக் கடையில் சாய்வு நாற்காலி, மீன் வறுவல், அலையில் குழந்தை. இருட்டியதும் பக்கத்து விடுதி அதிர ஆரம்பித்தது, இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன, யார் கேட்கிறார்கள்! மாமியார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விடியவைத்தார்.

மூன்றாம் நாள் தெற்கே பாலோலெம் போய்விட்டோம். பிறை வடிவக் கடற்கரை, பெரிய அலை இல்லை, மகள் தண்ணீரை விட்டு ஏறவே இல்லை. அங்கேயும் இளசுகளுக்கு ஆட்டம் உண்டு, ஆனால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள், சத்தமே இல்லாமல் ஒரு கூட்டம் குதிப்பதைப் பார்க்க வேடிக்கைதான்.

பாகா இளைஞர்களுக்கான இடம், அவர்களை அடங்கு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்று விளம்பரம் போட்டு எங்களையும் அங்கே இழுக்கிற விடுதிகள் மேல்தான் கோபம்.

அப்புறம், ஜூன் முதல் செப்டம்பர் வரை வாடகை மலிவு என்று கிளம்பிவிடாதீர்கள், மழைக்காலத்தில் கடலில் இறங்க விடமாட்டார்கள்.

ஒரு வாசகி, கோயம்புத்தூர்