கொன்ரெய்னரைப் பூட்ட முதல்: புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், மெல்பேர்ண் என்று எங்கெங்கும் இயங்குகிற எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கூடத் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் எழுதுகிறேன். 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் போய், பேராதனைப் போதனா வைத்தியசாலையே வழமையான ஒபரேசன்களை நிறுத்திவைத்த காலத்தில், நீங்கள் அனுப்பிய கையுறையும் தையல் நூலும் எங்களுக்கு எவ்வளவு கைகொடுத்தன என்பது தியேட்டருக்குள் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த நன்றி இருக்கிறபடியால்தான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இடுப்பு ஒபரேசனுக்குச் சாமான் சேர்க்கிறோம் என்று சில சங்கங்கள் மறுபடியும் தொடங்கியிருப்பதாக அறிகிறேன். கேட்பது ஒன்றுதான்: கிடைக்கிறதை ஏற்றாதீர்கள். எங்களிடம் கேட்டு, கேட்டதை மட்டும் அனுப்புங்கள்.

இடுப்பு முறிவு இப்போது இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. பிள்ளைகள் உங்களோடு, தாய் தகப்பன் இங்கே தனிய. கிணற்றடிப் பாசியில் வழுக்கினாலும் சரி, இரவில் குளியலறைக்கு எழும்பி விழுந்தாலும் சரி, பெரும்பாலும் முறிவது தொடையெலும்பின் கழுத்துப் பக்கம். அப்படி வந்தவருக்கு அன்றைக்கு, இல்லாவிட்டால் மறுநாளாவது ஒபரேசன் செய்யச் சொல்கிறது இங்கிலாந்தின் வழிகாட்டல். கிடக்கக் கிடக்கப் படுக்கைப் புண், நியூமோனியா, காலில் இரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாய் வந்து சேரும். எண்பது வயது அம்மாவுக்குச் சாமான் குறைவால் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் கணக்கில் உண்டு.

ஓர் ஒபரேசனுக்கு வேண்டிய கிருமியழித்த சாமான்களின் கட்டைப் பொதி என்று சொல்லிவிடுகிறோம், அது ஒற்றைச் சாமான் இல்லை. காலை முழுக்க மூடுகிற உறை, நடுவில் பிளந்த பெரிய விரிப்பு, மேசை விரிப்புகள், கவுண்கள், 22ஆம் இலக்க பிளேட், உறிஞ்சுகுழாய், இரத்தக் கசிவை மின்சூட்டால் நிறுத்துகிற டயதேர்மிப் பென்சில், எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் வைத்த சுவாப்கள், தையல்கள். மூட்டை எலும்போடு பிடித்துவைக்கிற சீமெந்து வைக்கிற ஒபரேசன் என்றால் அதன் தூள், திரவம், கலக்கிற கிண்ணம். ஒன்று குறைந்தாலும் மிச்சம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கொன்ரெய்னரில் வருவதோ பெரும்பாலும் அங்கே மிஞ்சியது. பிரித்துப் பார்த்தால் கண் ஒபரேசன் விரிப்பு, பிள்ளைப்பேற்றுப் பொதி, ஒருவர் கைக்கும் கொள்ளாத ஐந்தரை அளவுக் கையுறை. தரம்பிரிக்க இருக்கிற தாதிமாரையே இழுக்க வேண்டும். காலாவதியானதை எரிக்கிற செலவும் ஆஸ்பத்திரியின் தலையில். நல்ல மனதோடு அனுப்பியதைக் குப்பை என்று சொல்ல எங்களுக்கும் வாய் வராது. ஆகவே யாரும் சொல்வதில்லை, அடுத்த வருடமும் அதுவே வருகிறது.

திகதியைப் பாருங்கள். நாலு மாதம் மீதமிருக்கிற பெட்டி கப்பல், கொழும்புத் துறைமுகம், சுங்கம், அனுமதிக் கடிதம், லொறி என்று தாண்டி யாழ்ப்பாணம் வரும்போது என்ன மிஞ்சும்? மருந்து நன்கொடை வந்திறங்கும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது விதி. பொதிகளுக்கும் அதையே வைத்துக்கொள்வோம். திகதி மட்டும் காணாது. வெயிலில் நிற்கிற இரும்புப் பெட்டிக்குள் சூடும் ஈரமும் ஏறி உறையின் ஒட்டுக் கழன்றால், உள்ளே இருப்பது கிருமியழித்த சாமான் இல்லை, திகதி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும். எலும்புச் சீமெந்தை 25 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது; அதன் திரவம் தீப்பற்றக்கூடியது. அதைச் சட்டை துணியோடு கட்டி அனுப்புகிற எண்ணமே வேண்டாம்.

செயற்கை மூட்டுகளுக்கு வருகிறேன். "நூறு இடுப்பு மூட்டு தந்தோம்" என்று அறிக்கை விடுவதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் தொடையெலும்புக்குள் இறக்குகிற தண்டு ஒரு கம்பனியினதாயிருக்க, அதன் மேல் இன்னொரு கம்பனியின் உருண்டைத் தலையைப் பொருத்தக்கூடாது. 28 மில்லிமீற்றர் தலைக்கு, அது உட்காருகிற இடுப்பெலும்புக் கிண்ணமும் 28 மில்லிமீற்றருக்கானதாய் வேண்டும். எலும்பைக் குடைகிற ரீமரும், அளவு பார்க்கிற மாதிரித் துண்டுகளும் அதே தொகுதியிலிருந்து வர வேண்டும். அவை இல்லாமல் மூட்டு மட்டும் வந்தால் அலுமாரியில் கிடக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தின் உறை கிழிந்துவிட்டால் எங்கள் ஓட்டோகிளேவில் (நீராவியால் கிருமியழிக்கிற இயந்திரத்தில்) போட்டு மீட்கவும் வழியில்லை. 134 பாகையில் அதன் வடிவமே குலைந்துவிடும். கனடாவிலிருந்து மின் சாதனம் அனுப்புகிறவர்கள் இதையும் யோசியுங்கள்: அங்கே 120 வோல்ற், இங்கே 230. நன்கொடையாகக் கிடைத்த கருவிகளில் 10 முதல் 30 சதவீதமே இயங்கத் தொடங்கும் நாடுகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் இப்படியான சின்ன விசயங்கள்தான்.

மற்ற ஒபரேசன்களைவிட இடுப்புக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். உள்ளே ஓர் அந்நியப் பொருளை விட்டுவிட்டு மூடுகிறோம். எலெக், கோனென் என்ற ஆய்வாளர்கள் 1957 இல் காட்டினார்கள்: வெறும் தோலில் சீழ் பிடிக்க ஸ்ரபிலோகொக்கஸ் கிருமி பத்து லட்சம் அளவில் தேவைப்பட்டது, ஒரு தையல் நூல் அங்கே இருந்தபோது நூறளவு போதுமாயிருந்தது. நூலுக்கே அப்படியென்றால் உள்ளங்கை நீள உலோகத்தை எண்ணிப் பாருங்கள். இன்றைய இடுப்பு மாற்று ஒபரேசனுக்கு வழிபோட்ட ஜோன் சார்ன்லி, 1960களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் மூட்டைச் செம்மைப்படுத்தியதோடு தொற்றோடும் மல்லுக்கட்டினார். காற்றையும் உடையையும் சுத்தமாக்கி, நூற்றுக்கு ஏழுக்கு மேல் இருந்த தொற்றை ஒன்றளவுக்குக் கொண்டுவந்தார். தொற்றுப் பிடித்த மூட்டைக் கழற்றி எடுக்க வேண்டி வரும். முதல் ஒபரேசனையே கஷ்டப்பட்டுத் தாங்கிய கிழவிக்கு அது என்ன பாடு என்று நான் எழுதத் தேவையில்லை.

விலை கூடியதெல்லாம் வேண்டியது என்றும் நினைக்காதீர்கள். அயடீன் பூசிய ஒட்டுத் தாளைத் தோலில் ஒட்டி அதன் மேலால் வெட்டுவார்கள். நன்கொடைப் பட்டியல்களில் அது கட்டாயம் இருக்கும். தொற்றைத் தடுப்பதற்கென்று அதைப் பாவிக்க வேண்டாம் என்றே 2016 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. விரிப்பும் கவுணும் ஒருமுறை பாவித்து எறிவதாயிருந்தாலும் துவைத்துப் பாவிக்கிற துணியாயிருந்தாலும், கிருமியழித்திருந்தால் சரி என்றும் அதே ஆவணம் சொல்கிறது. (விசேட காற்றோட்டக் கூடமும் தேவையில்லை என்கிறது அது. சார்ன்லி இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.) ஆனால் இடுப்பு ஒபரேசனில் இரத்தமும் கழுவுகிற சேலைனும் நிறைய ஓடும். பருத்தித் துணி நனைந்த இடத்தில் தடுப்பு போய்விடும். அடியில் நீர்புகாத படை இல்லாத துணியை இடுப்புக்கு விரிக்க நான் சம்மதிக்கமாட்டேன். நெருக்கமாக நெய்த நல்ல துணியை வாங்கி இங்கேயே தைப்பிக்கலாம். யாழ்ப்பாணத்தில் தையல் தெரிந்த பெண்களுக்கா குறை?

இனி, ஒருவரும் கேட்காத இடத்துக்கு வருகிறேன்: ஆஸ்பத்திரியின் கிருமியழிப்புப் பிரிவு. ஆட்கள் வியர்க்க வியர்க்க நின்று கருவிகளைக் கழுவி, எண்ணி, சுற்றி, ஓட்டோகிளேவுக்குள் ஏற்றுகிற இடம். 134 பாகையில் குறைந்தது 3 நிமிடம், 121 என்றால் 15 நிமிடம். கேட்க லேசு. ஆனால் பொதிக்குள் காற்று அடைபட்டிருந்தால் நீராவி உள்ளே போகாது. அதற்காகவே காலையில் முதல் வேலையாக வெறும் இயந்திரத்தில் போவி-டிக் சோதனைத் தாளை வைத்து ஓட்டுகிறார்கள். பொதியின் மேல் ஒட்டுகிற ரேப்பில் கோடு கறுத்தால் அது சூட்டைக் கண்டது என்று மட்டும் அர்த்தம், கிருமி செத்தது என்றில்லை. அதை அறிய உள்ளே வைக்கிற இரசாயனக் கீற்றும், சூட்டை லேசில் தாங்குகிற வித்துக் கிருமி வைத்த சோதனைக் குப்பியும் வேண்டும். ஈரமாய் வெளியே வந்த பொதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை முறை இந்தக் கீற்றும் சுற்றுத் தாளும் முடிந்து, "இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கோ மிஸி" என்று கேட்டிருக்கிறேன்! எந்தக் கொன்ரெய்னரிலும் அவை வந்ததை நான் காணவில்லை.

இதில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு தனிக் கரைச்சல், எங்கள் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருகிற கிணற்றுத் தண்ணி. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அதே படிவு ஓட்டோகிளேவின் கொதிகலனிலும் குழாய்களிலும் ஏறுகிறது. இயந்திரம் அடிக்கடி படுக்கிறது, கருவிகளில் கறை பிடிக்கிறது. புது இயந்திரம் வாங்கித் தந்து பெயர்ப்பலகை அடிக்க நிறையப் பேர் முன்வருவார்கள். தண்ணீரை மென்மையாக்கும் தொகுதிக்கும், அதன் வடிகட்டி மாற்றத்துக்கும், வருடா வருடம் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் காசு தர யார் வருகிறீர்கள்? ஒரு கொன்ரெய்னரின் கப்பல் கூலியையும் சுங்கச் செலவையும் முதலில் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசு இந்தப் பக்கம் வந்தால் இடுப்புக்கு மட்டுமல்ல, சிசேரியனுக்கும் அப்பென்டிசைற்றிசுக்கும் போகிற ஒவ்வொரு பொதியும் திருந்தும்.

ஆகவே பெட்டி கட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என்புமுறிவு வைத்திய நிபுணரும் தியேட்டர்ப் பொறுப்புத் தாதியும் கிருமியழிப்புப் பிரிவுப் பொறுப்பாளரும் மூவரும் கையொப்பமிட்ட பட்டியல் கேளுங்கள். ஒருவர் மட்டும் தொலைபேசியில் சொன்னதை நம்பி வாங்காதீர்கள். சுகாதார அமைச்சினதும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையினதும் அனுமதி கைக்கு வந்த பிறகே ஏற்றுங்கள். வந்திறங்கி ஆறு மாதம் கழித்து, எது பாவித்தாயிற்று, எது கிடக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, பதில் சொல்வது எங்கள் கடமை.

பட்டியலில் ஓட்டோகிளேவ்க் கதவின் ரப்பர் வளையம் என்று இருந்தால் சிரிக்காமல் அதையே வாங்கித் தாருங்கள். திறப்பு விழா வைக்க முடியாதுதான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சைக்கூடத் தாதி ஒருவர்
யாழ்ப்பாணம்